வசூலுக்குப் போனவன்

கிறிஸ்தவக் குடும்பங்களில் சாயங்காலம் விளக்கேற்றியதும் எல்லோரும் கூடி ஜெபம் செய்வது வழக்கம். பாட்டி முதல் பள்ளிக்கூடம் போகும் பொடியன் வரை அத்தனை பேருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த ஜெபம் ஒன்று உண்டு. புராட்டஸ்டண்டுக்காரர்கள் அதைப் பரமண்டல ஜெபம் என்பார்கள். கத்தோலிக்கர்கள் கர்த்தர் கற்பித்த ஜெபம் என்பார்கள். இயேசுநாதரே தம் சீஷர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததாக மத்தேயுவும் லூக்காவும் எழுதி வைத்திருக்கிறார்கள். சொல்லி முடிக்க அரை நிமிஷம் போதும். கல்லில் ஊற்றிய தோசையைத் திருப்புவதற்குள் சொல்லிவிடலாம்.

அந்த அரை நிமிஷத்துக்குள் ஓர் இடம் வரும். அதுவரை கணீரென்று ஒலித்த குரல்கள் அங்கே சற்றுத் தாழும். சில பேர் இருமுவார்கள். சில பேர் வேகமாகத் தாண்டிவிடுவார்கள். எங்களுக்குச் செய்த பிழைகளை நாங்கள் மன்னிக்கிறது போல எங்கள் பிழைகளை நீர் மன்னியும் என்ற கருத்து வரும் இடம் அது. ஜெபம் முழுவதிலும் நிபந்தனையோடு வருகிற விண்ணப்பம் இது ஒன்றுதான். ஆகாரம் கேட்கிறோம், நிபந்தனை இல்லை. தீமையிலிருந்து ரட்சிக்கக் கேட்கிறோம், அதற்கும் இல்லை. மன்னிப்புக் கேட்கும்போது மட்டும், 'நாங்கள் செய்கிற மாதிரியே நீரும் செய்யும்' என்று நாமே அளவு கொடுத்துவிடுகிறோம். தையற்காரனிடம் நம் பழைய ரவிக்கையை அளவுக்குக் கொடுப்பது போலத்தான். பழைய ரவிக்கை இறுக்கமாயிருந்தால் புதியது மட்டும் தாராளமாய் வருமா?

மத்தேயு எழுதிய சுவிசேஷத்தில், ஜெபத்தைச் சொல்லி முடித்ததும் இயேசுநாதர் வேறு எந்த வரியையும் விளக்கவில்லை. இந்த ஒன்றுக்கு மட்டும் திரும்பி வந்து மறுபடி அழுத்திச் சொல்கிறார். இது எங்கே இடறும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொரு விசேஷம். மத்தேயுவில் அந்த இடத்தில் இருப்பது 'பாவம்' என்ற வார்த்தை அல்ல. 'கடன்' என்ற வார்த்தை. தமிழ் வேதாகமத்திலும் அப்படியே கடன், கடனாளி என்றுதான் இருக்கிறது. இயேசுநாதர் பேசிய அரமேயிக் பாஷையில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல்தான் வழங்கிற்று என்கிறார்கள் பண்டிதர்கள். சிலருக்கு இது கொஞ்சம் மட்டமாகப் படலாம். தெய்வ காரியத்தில் மளிகைக் கடைப் பேச்சா என்று கேட்கலாம். எனக்கென்னவோ இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது என்றே தோன்றுகிறது. நமக்கு ஒருவர் தீங்கு செய்தால் மனசு என்ன செய்கிறது? கணக்கு எழுதுகிறது.

குடும்பம் நடத்துகிற எந்தப் பெண்மணியிடமும் இரண்டு கணக்குப் புத்தகங்கள் இருக்கும். ஒன்று, பால், மளிகை, பள்ளிக்கூடச் சம்பளம் எழுதும் நோட்டுப் புத்தகம். அதில் சில மாதம் எழுதாமல் விட்டுப் போகும். இன்னொன்று தலைக்குள் இருப்பது. அதில் ஒரு வரி விட்டுப் போகாது. கல்யாணத்தன்று நாத்தனார் சொன்ன சொல், பிரசவத்துக்கு வராத பெரியம்மா, அப்பாவின் வைத்தியத்துக்குப் பணம் கேட்டபோது முகம் திருப்பிக்கொண்ட தம்பி, எல்லாம் தேதி வாரியாக இருக்கும். அன்றைக்கு யார் என்ன புடவை கட்டியிருந்தார்கள் என்பது கூட இருக்கும்! வட்டியும் ஏறிக்கொண்டே வரும். புருஷர்களுக்கும் இந்தப் புத்தகம் உண்டு. அவர்கள் அதைச் சத்தம் போட்டு வாசிப்பதில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கைப் பற்றிப் பேதுருவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. இயேசுநாதரின் சீஷர்களில் முந்திரிக்கொட்டை அவர்தான். என் சகோதரன் எனக்கு விரோதமாகக் குற்றம் செய்துகொண்டே இருந்தால் எத்தனை தடவை மன்னிப்பது, ஏழு தடவை போதுமா என்று கேட்டார். ஏழு என்பது சின்ன எண் அல்ல. ஒரே ஆள் ஒரே தப்பைச் செய்து, நாம் ஏழு முறை பொறுத்திருந்தால் நம்மை நாமே மெச்சிக்கொள்வோம். ஆனால் பதில், ஏழு அல்ல, எழுபது தடவை ஏழு என்று வந்தது.

இந்த எண்ணுக்கு ஒரு பழைய கதை உண்டு. ஆதியாகமத்தில் லாமேக்கு என்று ஒருவன் வருகிறான். இரண்டு பெண்டாட்டிக்காரன். தன்னைக் காயப்படுத்தியவனைக் கொன்றுவிட்டு, அந்தப் பெருமையை வீட்டில் வந்து பெண்டாட்டிகளிடம்தான் அளக்கிறான். தனக்கு எழுபத்தேழு மடங்கு பழி வாங்கப்படும் என்று மார்தட்டுகிறான். ஆதாளும் சில்லாளும் என்ன பதில் சொன்னார்கள் என்று வேதத்தில் எழுதப்படவில்லை. எழுதியிருந்தால் ருசியாக இருந்திருக்கும். லாமேக்கு பழிக்குச் சொன்ன எண்ணையே இயேசுநாதர் மன்னிப்புக்குத் திருப்பிக்கொண்டார் என்று வேத அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள்.

பேதுருவுக்கு எண்ணைச் சொன்னதோடு நிற்காமல் ஒரு கதையும் சொன்னார்.

ஒரு ராஜா தன் ஊழியக்காரர்களிடம் கணக்குப் பார்க்க உட்கார்ந்தான். பதினாயிரம் தாலந்து கடன்பட்டவன் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவனையும் பெண்டாட்டி பிள்ளைகளையும் விற்றுக் கடனை அடைக்கும்படி உத்தரவாயிற்று. அவன் காலில் விழுந்தான். ராஜா மனமிரங்கி, கடன் முழுவதையும் தள்ளிவிட்டு அனுப்பினான். வெளியே வந்தவன் கண்ணில், தனக்கு நூறு வெள்ளிப்பணம் கொடுக்க வேண்டிய சக ஊழியன் பட்டான். உடனே அவன் கழுத்தைப் பிடித்தான். அவனும் இவன் சொன்ன அதே வார்த்தைகளைச் சொல்லிக் கெஞ்சினான். இவன் கேட்கவில்லை, சிறையில் போட்டான். மற்ற ஊழியர்கள் மனம் நொந்து ராஜாவிடம் போய்ச் சொன்னார்கள். ராஜா அவனைக் கூப்பிட்டுக் கேட்ட கேள்வியும் கொடுத்த தண்டனையும் மத்தேயுவின் 18-ஆம் அதிகாரத்தில் இருக்கின்றன.

இதைப் பிரசங்கங்களில் கேட்கும்போது பெரிய கடன், சின்னக் கடன் என்று சொல்லிப் போய்விடுவார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுத்தான் பார்ப்போமே. ஒரு வெள்ளிப்பணம் என்பது அந்நாளில் ஒரு கூலிக்காரனுக்கு ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து என்பது ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். அப்படியானால் 10,000 தாலந்து 6 கோடி நாள் கூலி. வருஷத்தில் 300 நாள் வேலை செய்து, ஒரு காசு செலவழிக்காமல், அத்தனையையும் கட்டினால் கடன் அடைய 2 லட்சம் வருஷம் ஆகும். ஏரோது ராஜா இறந்த பிறகு அவன் தேசத்துப் பகுதிகளின் வருஷ வருமானத்தை ஜோசிபஸ் என்ற பழைய சரித்திராசிரியர் குறித்திருக்கிறார். யூதேயாவுக்கே சில நூறு தாலந்துதான். ஓர் ஆள் பதினாயிரம் தாலந்து கடன்பட்டான் என்றதும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தே இருப்பார்கள்.

ஆனால் அந்த மற்றக் கடன் இருக்கிறதே, நூறு வெள்ளிப்பணம், அது சிரிக்கிற விஷயம் அல்ல. மாதம் 25 நாள் வேலை என்றால் நான்கு மாதச் சம்பளம். நான்கு மாதச் சம்பளத்தை ஒருவர் வாங்கிக்கொண்டு திருப்பித் தரவில்லை என்றால் வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாடகை நிற்கும், நகை அடகுக்குப் போகும். இயேசுநாதர் நினைத்திருந்தால் ஒரு காசு, அரைக் காசு என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லவில்லை. உனக்கு நேர்ந்தது ஒன்றுமே இல்லை, பெரிதுபடுத்தாதே என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. நஷ்டம் நிஜமான நஷ்டம். மன்னிக்கச் சொல்வது அந்த நிஜமான நஷ்டத்தைத்தான். 'பரவாயில்லை, நான் மறந்தே போய்விட்டேன்' என்று சிரித்துக்கொண்டே சொல்கிறோமே, அது பல சமயம் மன்னிப்பே அல்ல. பேச்சைத் தவிர்க்கிற வழி. கடன் எவ்வளவு என்று தெரியாமல் தள்ளுபடி செய்ய முடியாது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் விநோதமாகப் படுவது வேறோர் இடம். அந்த முதல் ஊழியன் காலில் விழுந்து என்ன கேட்டான்? மன்னிக்கும்படி கேட்கவே இல்லை. தவணை கேட்டான். கொஞ்சம் பொறுத்திருங்கள், எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன் என்றான். 2 லட்சம் வருஷத்துக் கடனை! ராஜாவோ தவணை கொடுக்கவில்லை; கடனையே தள்ளிவிட்டான். கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. கிடைத்தது என்ன என்று அந்த மனுஷன் காதில் விழுந்ததா என்பதே எனக்குச் சந்தேகம்.

விழவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அவன் அடுத்துச் செய்தது கொடுமையாக இருந்தாலும் புரிகிறது. தவணை வாங்கியவன் என்ன செய்வான்? வரவேண்டிய பாக்கியையெல்லாம் வசூலிக்கக் கிளம்புவான். கட்ட வேண்டும் அல்லவா? வழியில் அகப்பட்டவன் கழுத்தைப் பிடிப்பான். கடன் தீர்ந்துவிட்டது என்று நம்பியவன் வீட்டுக்கு ஓடியிருப்பான். பெண்டாட்டி பிள்ளைகள் விலைபோக இருந்தார்களே, அவர்களிடம் போய் அழுதிருப்பான். இவன் வீட்டுக்குப் போனதாகக் கதையில் இல்லை. நேரே வசூலுக்குப் போனான்.

கோவிலுக்குத் தவறாமல் போய், உபவாசமிருந்து, காணிக்கை போட்டு, அப்படியும் வீட்டில் ஒருவரையும் நிம்மதியாக இருக்கவிடாத பக்திமான்களை நாம் பார்க்கிறோம். அவர்களை வெறும் வேஷக்காரர்கள் என்று சொல்லிவிட எனக்கு மனம் வருவதில்லை. ஆண்டவனிடம் அவர்கள் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இத்தனை ஜெபம், இத்தனை உபவாசம், இத்தனை காணிக்கை என்று கட்டுகிறவர்களுக்கு, கட்டாமல் தப்பிக்கிறவர்களைக் கண்டால் எப்படிப் பொறுக்கும்? மருமகள் ஞாயிற்றுக்கிழமை அரை மணி தாமதமாக எழுந்தால் கூடப் பொறுக்காது.

மனுஷர் மன்னித்தால்தான் கடவுள் மன்னிப்பார் என்றால் அது வியாபாரம் அல்லவா என்று கேட்கிறவர்கள் உண்டு. கதையின் வரிசையைக் கவனித்தால் பதில் கிடைக்கிறது. முதலில் தள்ளுபடி, அப்புறந்தான் மற்றது. ராஜா அவனிடம், நீ போய் உன் கடன்காரனை விட்டுவிட்டு வா, பிறகு உன் சங்கதியைப் பார்க்கலாம் என்று சொல்லவில்லை.

இங்கே ஒரு ஜாக்கிரதை சொல்ல வேண்டும். நம் தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. 'பொறுத்தல்' என்றால் மன்னிப்பது என்றும் அர்த்தம். சகித்துக்கொண்டு கிடப்பது என்றும் அர்த்தம். வள்ளுவர் பொறையுடைமைக்கு ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். அவர் அதை ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவில்தான் வைத்தார். நடைமுறையில் அது பெண்களின் பாடபுத்தகத்தில் மட்டும் அச்சாகியிருக்கிறது! கணவன் அடிக்கிறான் என்று அழுதுகொண்டு வருகிற பெண்ணிடம், 'பொறுத்துப் போம்மா, மன்னிக்கச் சொல்லி வேதத்திலேயே இருக்கிறதே' என்று சொல்லித் திருப்பி அனுப்புகிற பெரியவர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். கிறிஸ்தவ சபைகளிலும் இருக்கிறார்கள்.

அப்படி வேதத்தில் இல்லை. லூக்காவின் 17-ஆம் அதிகாரத்தில் இயேசுநாதர், தப்பு செய்தவனை முதலில் கண்டிக்கச் சொல்கிறார். மனம் வருந்தினால் மன்னிக்கச் சொல்கிறார். சகேயு என்ற வரி வசூல்காரன் மனம் திரும்பியபோது, அநியாயமாய் வாங்கினதை நாலு மடங்காய்த் திருப்பித் தருகிறேன் என்று அவனே எழுந்து நின்று சொன்னான். வேண்டாம், பரவாயில்லை என்று அவனை யாரும் தடுக்கவில்லை. மன்னிப்பது என்றால் பழியைக் கையிலிருந்து இறக்கி வைப்பது. அடிக்கிற கைக்கு மறுபடி கன்னத்தைக் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. நம் தேசத்தில் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க 2005-ஆம் வருஷம் ஒரு சட்டமே வந்தது. அந்தச் சட்டத்தை நாடிப் போகிற பெண், மன்னிக்கத் தெரியாதவள் ஆகிவிட மாட்டாள். பழைய நம்பிக்கை மறுபடி வருவதற்கு, தப்பு செய்தவர் மாறியிருக்க வேண்டும். மாறினார் என்று பார்க்கக் காலமும் வேண்டும். மன்னிப்பு ஒருவராலேயே முடியும். சமாதானத்துக்கு இரண்டு பேர் வேண்டும்.

சட்டமும் மன்னிப்பும் ஒன்றையொன்று மிதிக்காமல் நடந்த ஒரு சம்பவம் மத்தியப் பிரதேசத்தில் உண்டு.

கேரளத்தில் பெரும்பாவூருக்குப் பக்கத்தில் புல்லுவழி என்று ஒரு கிராமம். 1954-இல் அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் ராணி மரியா. பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபையில் சேர்ந்து கன்னியாஸ்திரீ ஆனார். தேவாஸ் ஜில்லாவில் உதய்நகர் என்ற இடத்தில் ஏழை விவசாயிகளுக்கும் ஆதிவாசிகளுக்கும் நடுவே வேலை செய்தார். அங்கேயும் சங்கதி கடன்தான். வட்டிக்காரர்கள் பிடியில் நிலத்தையும் உழைப்பையும் இழந்துகொண்டிருந்த ஜனங்களுக்கு, சர்க்கார் திட்டங்களையும் பாங்குக் கடனையும் எடுத்துச் சொல்லிச் சொந்தக் காலில் நிற்கப் பழக்கினார். இது சிலருக்குப் பிடிக்கவில்லை. 1995 பிப்ரவரி 25-ஆம் தேதி, உதய்நகரிலிருந்து இந்தூர் போகும் பஸ்ஸில் சமுந்தர் சிங் என்ற வாலிபன் அவரைக் கத்தியால் குத்தினான். பஸ் நிறைய ஜனங்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் உடம்பில் ஐம்பதுக்கு மேற்பட்ட காயங்கள். வயது 41.

கொலைகாரன் பிடிபட்டான். விசாரணை நடந்தது, ஆயுள் தண்டனை கிடைத்தது. கோர்ட்டு தன் வேலையைச் செய்தது, யாரும் குறுக்கே நிற்கவில்லை. ராணி மரியாவின் தங்கை செல்மி பால் என்பவரும் அதே சபையில் கன்னியாஸ்திரீ. 2002-ஆம் வருஷம் ரக்ஷா பந்தனை ஒட்டி அவர் சிறைக்குப் போனார். அக்காவைக் கொன்றவன் கையில் ராக்கி கட்டினார். வடக்கே ராக்கி கட்டினால் அண்ணன் தம்பி உறவு, விளையாட்டுக்குக் கட்டுவதில்லை. கொலை நடந்ததற்கும் ராக்கி கட்டியதற்கும் நடுவில் ஏழு வருஷம் ஓடியிருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். மறுநாள் காலையிலேயே மன்னித்தாக வேண்டும் என்று யாரும் யாரையும் அவசரப்படுத்தக் கூடாது.

பிறகு அவர்களுடைய தாயார் எலீஸ்வா சமுந்தர் சிங்கைச் சந்தித்தபோது அவன் கைகளைப் பிடித்து முத்தமிட்டாராம். மகளின் ரத்தம் பட்ட கைகள் அவை என்பதால். இதை எழுதும்போது எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. பெற்ற வயிறு உள்ளவர்கள் கொஞ்ச நேரம் பத்திரிகையை மடியில் வைத்துவிட்டு யோசித்துக்கொள்ளட்டும். நம்மால் முடியுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை. நம்மிடம் அந்தக் கணக்கு யாரும் கேட்கவில்லை. நம்மிடம் கேட்கப்படுவது நாத்தனார் சொன்ன சொல்.

குடும்பத்தாரும் சபையாரும் விடுதலைக்கு மனுக் கொடுத்தார்கள். பதினோரு வருஷத் தண்டனைக்குப் பிறகு, 2006-இல் சமுந்தர் சிங் வெளியே வந்தான். புல்லுவழிக்குப் போய் அந்த வீட்டாரைப் பார்த்தான். 2017 நவம்பர் 4-ஆம் தேதி இந்தூரில் ராணி மரியாவுக்குக் கத்தோலிக்கத் திருச்சபை அருளாளர் பட்டம் கொடுத்த வைபவத்துக்கும் அவன் வந்திருந்தான். இந்தக் கதையில் வேறொரு பாதிரியாரின் பங்கும் உண்டு. சிறைக்கு முதலில் போய் அவனோடு பேசிப் பழகியவர் அவர்தான். தன்னை இதில் மாட்டிவிட்டவர்களை வெளியே வந்ததும் தீர்த்துக்கட்டுவது என்ற எண்ணத்தில் அவன் இருந்ததாகச் சொல்வார்கள். அவனும் வசூலுக்குப் புறப்பட இருந்தவன்தான்.

கை என்றதும் நம் ஊர்க் கோவில்களில் நடக்கிற ஒரு காரியம் நினைவுக்கு வருகிறது. 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் முதலிய பல சபைகள் ஒன்றாகச் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை உண்டாயிற்று. அதுவரை ஒன்றோடொன்று திருவிருந்தில் கூடக் கலக்கத் தயங்கிய சபைகள். 1950-இல் அந்தச் சபை தனக்கென்று ஓர் ஆராதனை முறையை அமைத்துக்கொண்டபோது, திருவிருந்துக்கு முன்னால் ஒருவருக்கொருவர் சமாதானம் வழங்குவதைச் சேர்த்தது. கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்களிடம் வழிவழியாக இருந்து வந்த வழக்கம் அது. வலது உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்து, இடது கையால் மூடி, ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு அது போகும். கும்பிடவும் கும்பிடலாம். பிற்பாடு மேல் நாட்டுச் சபைகள் தங்கள் ஆராதனையைத் திருத்தி எழுதியபோது தென்னிந்தியாவின் இந்த ஏற்பாட்டைக் கவனித்துப் பார்த்தன.

காணிக்கையைப் பீடத்தில் வைக்க வரும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் சமாதானமாகு என்று மலைப்பிரசங்கத்தில் வருகிறது. அதற்கு இது ஓர் ஒத்திகை. நடைமுறையில் என்ன நடக்கிறது? சண்டைக்காரியிடமிருந்து நாலு பெஞ்சு தள்ளி உட்கார்ந்துகொள்கிறோம். சமாதானம் நம் பெஞ்சோடு முடிந்துவிடுகிறது! போன வருஷம் வரை நாலு பெஞ்சு தூரத்தில் இருந்தவர் இந்த லெந்து நாட்களில் ஒரு பெஞ்சு முன்னால் வந்து உட்கார்ந்தால் கூட அதை நான் குறைத்து மதிக்க மாட்டேன்.

மன்னிப்பதைவிட மன்னிப்பை வாங்கிக்கொள்வது சிலருக்குக் கஷ்டம். ஏழு தடவை போதுமா என்று கணக்குக் கேட்ட பேதுருவுக்கே அந்தக் கஷ்டம் வந்தது. இயேசுநாதரைப் பிடித்துக்கொண்டு போன இரவில், பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில் குளிருக்குக் கரி நெருப்பு மூட்டியிருந்தார்கள். பேதுரு அங்கே நின்று குளிர்காய்ந்தார். 'நீயும் அந்த மனுஷனோடு இருந்தவன்தானே?' என்று கேட்டவர்களில் முதலாவது, வாசல் காக்கிற வேலைக்காரப் பெண். மூன்று தடவை கேள்வி வந்தது. மூன்று தடவையும் அவரை எனக்குத் தெரியாது என்றார். சேவல் கூவியதும் வெளியே போய் அழுதார்.

உயிர்த்தெழுந்த செய்தி வந்த பிறகும், கூட்டத்தோடு கூட்டமாய் அவரைப் பார்த்த பிறகும், பேதுரு பழைய மீன்பிடித் தொழிலுக்குத்தான் திரும்பினார். யோவான் இதை எழுதியிருக்கிறார். ராத்திரி முழுவதும் ஒன்றும் அகப்படவில்லை. விடியும்போது கரையில் யாரோ நின்று, வலது பக்கம் வலை போடச் சொன்னார்கள். 153 மீன்கள் அகப்பட்டன. கரைக்கு வந்து பார்த்தால் கரி நெருப்பு, அதன்மேல் மீன், பக்கத்தில் ரொட்டி. இயேசுநாதர் காலைப் பலகாரம் தயார் செய்து வைத்திருந்தார்!

அடுப்படியை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். கோபமாயிருக்கும் ஆளுக்கு நாம் சமைத்தாலும் பாத்திரம் ஓசைப்படும். இங்கே ஓசை இல்லை. கிரேக்க மூலத்தில் 'கரி நெருப்பு' என்ற அந்தச் சொல் யோவானின் சுவிசேஷத்தில் இரண்டே இடத்தில்தான் வருகிறது. ஒன்று பேதுரு மறுதலித்த முற்றத்தில். மற்றொன்று இந்தக் கரையில். அந்தப் புகை மூக்கில் ஏறியதுமே பேதுருவுக்கு எல்லாம் நினைவு வந்திருக்கும். மன்னிக்க வந்தவர் அந்த ராத்திரியை மூடி மறைக்கவில்லை. குத்திக் காட்டவும் இல்லை. முதலில் சாப்பிடச் சொன்னார். சாப்பிட்ட பிறகு, என்னிடம் அன்பாயிருக்கிறாயா என்று கேட்டார். மூன்று தடவை. மூன்றாவது தடவை பேதுருவுக்கு மனம் நொந்தது. ஒவ்வொரு பதிலுக்கும், என் ஆடுகளைப் பார்த்துக்கொள் என்று வேலை கொடுத்தார். எத்தனை வருஷம் வேலை செய்தால் பழைய கடன் அடையும் என்று ஒரு வார்த்தை இல்லை. சம்பளப் பிடித்தமும் இல்லை.

இவ்வளவும் முடிந்தது. பேதுரு எழுந்து அவர் பின்னால் நடக்கத் தொடங்கினார். நாலு அடி போயிருப்பார். திரும்பிப் பார்த்தார். பின்னால் இன்னொரு சீஷன் வந்துகொண்டிருந்தான். உடனே பேதுரு கேட்ட கேள்வி என்ன தெரியுமா? இவன் சங்கதி என்ன ஆண்டவரே, என்றுதான்.

அதைப் பற்றி உனக்கென்ன, நீ என் பின்னால் வா என்றார் இயேசுநாதர்.